எந்த மாதத்துப் பத்தாம் தேதி?

மதுரை
19-9-1937

மச்சானுக்கு சுருளிவேல் எழுதுவது.

நலம் விசாரிப்பதையெல்லாம் அக்காவுக்குத் தனியாக எழுதும்போது வைத்துக்கொள்கிறேன். இது வேலைக் கடிதம். இரண்டு தடவை படியுங்கள்.

எங்கள் மில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆயில் எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைத்துவிட்டார்கள். எஞ்சின் பழசுதான். ஆனால் மூன்று வருஷமாக அதைப் பிரித்து மாட்டுகிறவன் நான். அதன் இருமல் தும்மல் எல்லாம் எனக்குத் தெரியும். பம்போடு சேர்த்து எனக்கே தருவதாக மானேஜர் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, அடுத்த மாதம் முடிவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நான் எடுக்காவிட்டால் பழனிசெட்டிபட்டிக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறார்.

மயிலைக்காளை கால் ஒடிந்து படுத்துவிட்டதென்றும், தங்கபாண்டி அண்ணனுடைய காளையை இரவல் வாங்கிக் கமலை இறைப்பதாகவும் அக்கா எழுதியிருந்தாள். இரவல் மாடு எத்தனை நாளைக்கு? இரண்டு ஏக்கர் மிளகாய் தை வரை நின்றாக வேண்டும். எஞ்சின் வந்தால் மிளகாய் பிழைக்கும். வராவிட்டால் போச்சு.

ஆகவே செய்ய வேண்டியது இது. கிணற்றின் மேற்குக் கரையில் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சிமெண்டும் மணலும் ஜல்லியும் போட்டு மேடை கட்ட வேண்டும். சிமெண்டு நான் அனுப்புகிறேன். போல்ட்டுகள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஓட்டை போட்ட பலகையும் அனுப்புகிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் மேடை போட்டு முடிந்திருக்க வேண்டும். அப்புறம் இருபத்தொரு நாள் நனைத்து நனைத்து இறுகவிட்டால் எஞ்சின் ஏறலாம்.

நாலடி என்றால் நாலடி. ஒரு சாண் குறைந்தாலும் எஞ்சின் ஓடும்போது குதித்துப் பெயர்ந்து கிணற்றுக்குள் போய்விடும். குழி நாலடி இல்லையென்று தெரிந்தால் நான் எஞ்சினை அனுப்பமாட்டேன்.

உங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, மச்சான். மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது என்றால் 'பாத்துக்கலாம்'. வண்டி அச்சு விட்டுப்போச்சு என்றால் 'பாத்துக்கலாம்'. இந்தத் தடவை அந்தச் சொல் வேண்டாம்.

சுருளிவேல்


தேவாரம்
ஈசுவர வருஷம் புரட்டாசி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அழகுமலை எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை நான் இரண்டு தடவையும் உன் அக்கா மூன்று தடவையும் படித்தோம். சந்தோஷத்தில் அவள் அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போடவில்லை. நானும் சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டேன்.

நீ அந்தச் சொல் வேண்டாம் என்றதால் 'ஆகட்டும்' என்று எழுதுகிறேன். நாளைக் காலையில் கடப்பாரையோடு போகிறேன்.

தங்கபாண்டி அண்ணன் கார்த்திகை பிறந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாக. மலையடிவாரத்திலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்ற வண்டிக்கு மாடு வேணுமாம். 'அழகுமலை, கார்த்திகை ஒண்ணுன்னா ஒண்ணுதான், நீ ரெண்டாந் தேதி வந்து தலையச் சொறியக் கூடாது' என்று இப்போதே சொல்லிவிட்டாக. ஆக அதற்குள் உன் எஞ்சின் ஓடினால் போதும். செடிக்கு ஒருநாள் தண்ணீர் தவறாது. கிணற்றில் தண்ணீர் பதினெட்டடியில் நிற்கிறது. மழைதான் இந்த வருஷம் மேகத்தைக் காட்டிவிட்டுப் போகிறது. இறைக்கத்தான் ஆள், மாடு எதுவும் பற்றவில்லை.

உன் அக்கா ஒரு வரி எழுதச் சொல்கிறாள். அப்படியே எழுதுகிறேன்: 'எஞ்சின் வருது, சிமெண்டு வருதுங்கிறான். அவன் எப்ப வர்றானாம்? மூணு தீவாளி போச்சு.'

அழகுமலை


மதுரை
3-10-1937

மச்சானுக்கு,

சிமெண்டு நாலு மூட்டை, போல்ட்டு எட்டு, பலகை ஒன்று. எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை போடி ரயிலில் ஏற்றிவிட்டேன். வந்ததா இல்லையா என்று ஒரு கார்டு கூட இல்லை. குழி என்ன ஆச்சு? இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு வர முடியாது என்று அக்காவிடம் சொல்லுங்கள். எல்லோரும் லீவு போடும்போது எஞ்சின் ரூமை யார் பார்ப்பது?

சுருளிவேல்


தேவாரம்
புரட்டாசி 23

மாப்பிள்ளைக்கு,

சிமெண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஈரம் பட்டால் கல்லாகிவிடும் என்று சீட்டில் எழுதியிருந்தாயே, அதனால் நாலு மூட்டையையும் கட்டிலில் ஏற்றிவிட்டேன். நானும் உன் அக்காவும் தரையில் படுக்கிறோம். 'எங்கப்பன் சீதனமாக் குடுத்த கட்டில்ல சிமெண்டு தூங்குது' என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள்.

மிளகாய் பூத்துவிட்டது. கீழ்ப்பாத்தியில் கொஞ்சம் இலை சுருண்டிருக்கிறது. முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம். ஒருநாள் மேல்பாத்தி, ஒருநாள் கீழ்ப்பாத்தி. இரவல் மாடு நம்ம மாட்டோடு ஒத்துப்போகவில்லை. அது இழுக்கும்போது இது நிற்கிறது.

குழி என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். கடப்பாரை வைத்தாயிற்று. உனக்கு ஏன் இந்தப் பறப்பு? பத்தாம் தேதிக்கு இன்னும் முழுசாகப் பதினேழு நாள் கிடக்கிறது. சொன்ன தேதிக்குச் சொன்னபடி இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அழகுமலை


மதுரை
11-10-1937

மச்சானுக்கு,

பத்தாம் தேதி நேற்றே போய்விட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. மேடை முடிந்தது என்று எழுத்து வரும் என்று நினைத்தேன். இன்றைக்குக் கடிதம் வந்தது. பிரித்தால், பதினேழு நாள் கிடக்கிறதாம்!

என்னைக் கேலி செய்கிறீர்களா? யாரோடு விளையாடுகிறோம் என்று தெரிந்துதான் எழுதினீர்களா?

இங்கே நான் மானேஜரின் முன்னால் நின்று, 'எங்கள் மச்சான் மேடை கட்டிக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழனிசெட்டிபட்டிக்காரர் வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் ஊரில் மேடை கட்டி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், தெரியுமா? எஞ்சின் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலே கட்டிவிட்டார்.

நீங்கள் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்தால் விட்டுத்தொலைக்கலாம். மாடாக உழைக்கிறீர்கள்; ஆனால் செய்ய வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்கிறீர்கள். மாட்டுக்குக் கால் ஒடிந்ததும் அப்படித்தானே? மாடு இறங்கி ஏறுகிற கமலைக்குழியில் வழுக்குகிறது, கல் பாவுங்கள் என்று அக்கா எத்தனை தடவை சொன்னாள்? நாளைக்கு, நாளைக்கு என்று மாட்டின் கால் போச்சு. இப்போது மிளகாயும் போகட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சரியான பதில் வராவிட்டால் எஞ்சினை அவருக்கே விட்டுவிடுகிறேன். இது சும்மா சொல்வது இல்லை.

சுருளிவேல்


தேவாரம்
புரட்டாசி 29

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மாட்டைப் பற்றி எழுதியது உண்மை. அதனால் பதில் எழுதவும் கை வரவில்லை.

உன் அக்காதான் கடிதத்தைப் பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பத்தாம் தேதி நேற்றே போய்விட்டது' என்ற இடத்தில் நிறுத்தினாள். விரல்விட்டு எண்ணினாள். 'இன்னைக்குப் புரட்டாசி இருபத்தொம்பது. ஐப்பசியே இன்னும் பெறக்கல. ஐப்பசிப் பத்து எப்படிப் போயிருக்கும்? இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?' என்றாள். அப்புறம் கடிதத்தின் மேல்மூலையைப் பார்த்தாள். 11-10 என்று நீ எழுதியிருந்தாய்.

'ஏங்க, இவன் சங்குத் தேதியில்ல எழுதியிருக்கான்!'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். மில்லில் சங்கு ஊதுகிறவர்களுக்கு வெள்ளைக்காரன் மாதம்தான் கணக்காம். நமக்குப் புரட்டாசியும் ஐப்பசியும். நீ முதல் கடிதம் எழுதியது புரட்டாசி மூன்றாம் தேதி. அடுத்த மாதம் என்றால் எங்களுக்கு ஐப்பசி. அடுத்த மாதம் பத்தாம் தேதி என்றால் ஐப்பசிப் பத்து. அதைத்தான் நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ நினைத்தது அக்டோபர் பத்து. உனக்கும் எனக்கும் நடுவில் பதினாறு நாள்.

தேவாரத்தில் பிறந்த பயல் மாதத்துக்குப் பேர் போடாமல் எழுதுவாயா? 'எங்காத்தா வயித்துல இருந்து வெளிய வரவே பத்து நாள் கூட எடுத்துக்கிட்ட பய, ஊருக்கு நேரஞ் சொல்றான்' என்று சிரிக்கிறாள் உன் அக்கா. சிரித்தாலும் கண் கலங்கித்தான் இருக்கிறாள். எஞ்சினை விட்டுவிடாதே.

அழகுமலை


மதுரை
17-10-1937 (ஐப்பசி 1. சந்தேகம் வேண்டாம், பஞ்சாங்கம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.)

மச்சானுக்கு,

தப்பு என்னுடையது. மாதத்தின் பேரை எழுதவில்லை. நாலு வருஷமாகச் சம்பள நாள் ஒன்றுதான் எனக்கு நாள். மாட்டைப் பற்றி எழுதியதும் அதிகம்.

மானேஜரிடம் ஒரு மணி நேரம் நின்றேன். நவம்பர் 7 வரை, அதாவது ஐப்பசி 22 வரை, தவணை கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் ஒருநாள் கிடையாது. இந்த வாரமே மேடை போட்டால், முழுசாக இறுகாவிட்டாலும் சமாளிக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஐப்பசிப் பத்து என்றே இருக்கட்டும். கடப்பாரை வைத்தாயிற்று என்று புரட்டாசியிலேயே எழுதினீர்கள். குழி இப்போது எத்தனை அடி ஆழம்? ஓர் எண்ணை மட்டும் எழுதுங்கள். கீழ்ப்பாத்தி, மேல்பாத்தி, கட்டில் எதுவும் வேண்டாம்.

சுருளிவேல்


தேவாரம்
ஐப்பசி 5

மாப்பிள்ளைக்கு,

ஒன்றரை.

எண்ணை மட்டும் எழுதச் சொன்னாய், ஆனால் இனி மறைக்க முடியாது. முதல் நாளே ஒன்றரை அடியில் கடப்பாரை 'ணங்' என்றது. பாறை. சின்னக் கல்லாக இருக்கும் என்று ஓர் ஓரமாக வெட்டினேன். அங்கேயும் பாறை. மறுநாள் நாலடி தள்ளி வெட்டினேன். அப்படியேதான். மேற்குக் கரை முழுக்க ஒரே பாறை, யானை படுத்திருக்கிற மாதிரி. கிழக்கே நாலாள் ஆழத்துக்கு மண்ணாக இருந்ததை வைத்து இந்தப் பக்கமும் மண்தான் என்று நினைத்துவிட்டேன்.

நாலடி இல்லையென்றால் எஞ்சினை அனுப்பமாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். சொன்னால் செய்கிற ஆள் நீ. பாறை என்று எழுதினால் அந்தத் தபாலோடு எஞ்சின் பழனிசெட்டிபட்டிக்குப் போய்விடும் என்று பயந்தேன். இன்றைக்கு ஒரு வழி கிடைக்கும், நாளைக்கு ஒரு வழி கிடைக்கும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உன் அக்காவுக்கும் தெரியாது. அவள் வயல்பக்கம் வந்தால் குழிமேல் சோளத்தட்டையைப் போட்டு மூடிவைத்தேன். பதினேழு நாள் கிடக்கிறது என்று உனக்கு எழுதியபோது, உனக்குச் சொன்னதை விட எனக்கே சொல்லிக்கொண்டது அதிகம்.

ஒரு வழி கிடைத்துவிட்டது. கல் உடைக்கிற ஒச்சாண்டி வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்க்கிறேன் என்கிறார். 'கெணத்துச் சுவரு கொஞ்சம் அதிரும், விரிஞ்சாலும் விரியும். ஆனாக் குழி நாலடி கெடைக்கும்' என்றார். திங்கட்கிழமை காலையில் வெடி. கிணறு தாங்கும் என்று நினைக்கிறேன். சுருளியாண்டவர்தான் பார்க்க வேண்டும்.

திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. உன் அக்காவுக்கு எழுதாதே.

அழகுமலை


மதுரை
24-10-1937 (ஐப்பசி 8)

மச்சானுக்கு,

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு சட்டையில் எண்ணெய்க் கறையோடேயே தந்தி ஆபீசுக்கு ஓடினேன். தந்தி கிடைத்திருக்கும். கிடைத்து, நாளைக்கு வெடி வைக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மச்சான், சிமெண்டு மேடை எதற்கு? அடியில் பாறை இல்லாத இடத்தில், மனிதன் தானாக ஒரு பாறையைச் செய்து வைக்கத்தான். மண்ணில் வைத்தால் குதிக்கும், அதனால் நாலடி. உங்களுக்குச் சாமியே மேடையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. நீங்கள் அதை வெடி வைத்து உடைத்துவிட்டு, அந்தக் குழியில் சிமெண்டை ஊற்றிப் பாறை செய்யப் பார்த்தீர்கள்! படித்ததும் எஞ்சின் ரூமில் தனியாக நின்று சிரித்தேன். அப்புறம் கிணற்றுச் சுவரை நினைத்ததும்தான் தந்திக்கு ஓடினேன்.

முதல் கடிதத்திலேயே 'மண் எப்படி?' என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். ஆயிரம் அளவு சொன்னவன் அதைக் கேட்கவில்லை. அனுப்பமாட்டேன் என்று எழுதியது அதைவிடப் பெரிய மடத்தனம். அந்த வரிதான் உங்கள் வாயைக் கட்டிப்போட்டது.

இனி வேலை சுலபம். மண்ணை முழுசாக விலக்கி, பாறையைத் துடைத்து, பலகையை மேலே வைத்து எட்டு ஓட்டைகளுக்கும் குறி போடுங்கள். ஒச்சாண்டி வெடிமருந்தை ஓரமாகப் போட்டுவிட்டு உளியை எடுக்கட்டும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு முழம் ஆழம். வாய் சிறுத்து அடி அகன்றிருக்க வேண்டும். அதில் போல்ட்டை நிறுத்தி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் சாயங்காலமே எஞ்சினை ஏற்றலாம். இருபத்தொரு நாள் கிடையாது. இறுகுவது எல்லாம் கிடையாது.

ஈயத்தை நீங்கள் ஊற்றாதீர்கள். ஓட்டைக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் வெடித்து முகத்தில் அடிக்கும். நான் வந்து ஊற்றுகிறேன். வெள்ளிக்கிழமை எஞ்சினோடு அதே ரயிலில் வருகிறேன். போடி ஸ்டேஷனில் வண்டியோடு நில்லுங்கள். தீபாவளிக்கும் இருப்பேன். எஞ்சின் ரூமை வேறு ஒருத்தன் பார்த்துக்கொள்வான். இத்தனை வருஷமும் பார்த்திருப்பான், நான்தான் கேட்கவில்லை.

சுருளிவேல்


தேவாரம்
ஐப்பசி 10

மாப்பிள்ளைக்கு,

கிணறு முழுசாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தந்தி ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய வந்தது. வாசலில் தந்திக்காரரைக் கண்டதும் உன் அக்கா மாரில் அடித்துக்கொண்டு 'ஏலே சுருளி, என்னப் பெத்த ராசா' என்று விழுந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. ஒரு கிழவி ஒப்பாரிக்கு முதல் அடியே எடுத்துவிட்டாள். இங்கிலீஷ் தெரிந்த ஆள் யார்? போஸ்டாபீஸ் ஐயா வீட்டுக்கு ஓடினேன். அவுக கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி வாசிச்சாக: 'வெடி வேண்டாம். பாறையே மேடை.' நான் அதைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தேன். உன் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். 'எந்தப் பாறை?' என்றாள்.

அப்புறம் சோளத்தட்டை விஷயத்தையும் சொல்ல வேண்டி வந்தது. அன்று ராத்திரியும் மறுநாள் காலையுமாக இரண்டு வேளை எனக்குச் சோறு இல்லை. இந்தத் தடவை நானாகச் சாப்பிடாமல் இருந்தது அல்ல.

ஒச்சாண்டி வெடிமருந்தைத் திருப்பி எடுத்துப்போய்விட்டார், கொஞ்சம் வருத்தத்தோடு. இன்று சாயங்காலத்துக்குள் ஆறு ஓட்டை முடிந்தது. இன்று ஐப்பசிப் பத்து, மாப்பிள்ளை. நான் சொன்ன தேதிக்கு மேடை முக்கால்வாசி தயார்!

வெள்ளிக்கிழமை போடியில் நிற்பேன். உன் அக்கா கட்டிலைக் காலி செய்துவிட்டாள். சிமெண்டு தரையில் கிடக்கிறது. நீ கட்டிலில் படுக்கலாம்.

அழகுமலை


மதுரை
8-11-1937 (ஐப்பசி 23)

மச்சானுக்கு,

வந்து சேர்ந்தேன். காதில் இன்னும் நம்ம எஞ்சின்தான் ஓடுகிறது. இங்கே மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடுகிறது; எனக்கு அது வேலை செய்வதாகவே தோன்றவில்லை.

பாறைமேல் அது நின்ற நிற்பைப் பார்த்தீர்களா? ஓடும்போது அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி வைத்தால்கூட விழாது. மில்லில்கூட அது இப்படி நிற்கவில்லை. பழனிசெட்டிபட்டிக்காரருக்கும் வேறொரு எஞ்சின் கிடைத்துவிட்டதாம். நேற்று ரயிலில் பார்த்தபோது சிரித்தார். இப்போது அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

நட்டுகளை வாரத்துக்கு ஒருதரம் முடுக்குங்கள். வாரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் தேதி எழுதவில்லை. நாலு மூட்டை சிமெண்டையும் தண்ணீர் விழுகிற தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் போட்டுவிடுங்கள். எப்போது என்று நான் சொல்லப்போவதில்லை.

இனிமேல் ஏதாவது தடங்கல் என்றால் அன்றைக்கே எழுதுங்கள். நான் கத்துவேன். கத்திவிட்டு யோசிப்பேன்.

கீழ்ப்பாத்தி எப்படி?

சுருளிவேல்


தேவாரம்
ஐப்பசி 26

மாப்பிள்ளைக்கு,

கீழ்ப்பாத்தி நிமிர்ந்துவிட்டது. சுருண்ட இலை விரிகிறது. இரண்டு ஏக்கருக்கும் ஒரே நாளில் தண்ணீர் பாய்ந்து முடிகிறது. பாய்ந்த பிறகும் எஞ்சின் 'இன்னும் என்ன' என்று கேட்கிற மாதிரி நிற்கிறது. கடைசிச் செடி வரைக்கும் காய் பிடித்திருக்கிறது. தை வரைக்கும் எனக்குப் பயம் இல்லை. உன் அக்கா முதல் மிளகாயைப் பறித்து எஞ்சின்மேல் வைத்துக் கும்பிட்டாள். அது சூட்டில் வதங்கி, இரண்டு பேருக்கும் தும்மல் அடங்கவில்லை.

இன்று காலையில் தங்கபாண்டி அண்ணன் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, அவுக வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டினேன். கார்த்திகை பிறக்க இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது. அவுக பல் விளக்கிக்கொண்டிருந்தாக. வேப்பங்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது.

'ஏலே அழகுமலை, மாட்டுக்கு என்னடா சீக்கு?'

'ஒண்ணுமில்லண்ணே. வேலை முடிஞ்சது, கொண்டாந்தேன்.'

நம்பவில்லை. மாட்டின் வாயைத் திறந்து பார்த்தாக. நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தாக. வாலைத் தூக்கிப் பார்த்தாக. அவுக சம்சாரத்தையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாக. கடைசியில் மாட்டை விட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாக.

'காய்ச்சல் இல்லையே' என்றாக.

அழகுமலை